மம்சாபுரம் விலக்கு ஷாட்

மேடை ஏறும்வரை பேரம் நடந்தது.

"மூணு படத்துல ரெண்டை நீ வச்சுக்கோ. ஒண்ணை எம் பேர்ல விட்டுரு" என்றார் புருஷன் தேவஇரக்கம்.

"ஒரு ஷாட்டுகூடக் கிடையாது" என்று முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு படியேறினாள் அன்னத்தாய்.

ஸ்ரீவில்லிபுத்தூர் கல்யாண மண்டபத்தில் முன்னோடிப் பெண் இயக்குநர்களுக்கு விழா. பிளெக்ஸ் முழுக்க அன்னத்தாய். ஓரத்தில்கூடப் புருஷன் இல்லை.

அந்தக் காலத்தில் பெண் எடுத்த படம் என்றால் மதுரை விநியோகஸ்தர்கள் படப்பெட்டியைக்கூடத் தொட மாட்டார்கள். ஆகவே படத்தை அன்னத்தாய் எடுத்தாள். இயக்குநர் நாற்காலியில் தேவஇரக்கம் உட்கார்ந்தார். அவள் காதில் சொல்வதை அவர் உரக்கச் சொல்வார். போஸ்டரில் அவர் பெயர்.

அந்தப் பெயரை வைத்தே மனிதர் ராஜபாளையத்தில் இத்தனை வருஷம் ஓட்டிவிட்டார். சலூனில் முதல் நாற்காலி, கல்யாணத்தில் முதல் பந்தி.

போன மாதம் ஜெமி என்கிற இளம் பெண் இயக்குநர் தோண்டித் துருவி உண்மையைப் பேட்டியில் போட்டு உடைத்தாள். மறுநாளே சலூன்காரர் சங்கரலிங்கம், "டைரக்டரம்மா வீட்டுக்காரரே, செத்த நேரம் பெஞ்சுல இரிங்க" என்றுவிட்டார்.

இப்போது மேடையில் மைக் அதே ஜெமி கையில்.

"மம்சாபுரம் விலக்குல ஹீரோயின் பஸ்ஸுக்கு நிப்பா. வசனம் கிடையாது, பாட்டு கிடையாது. நின்னுக்கிட்டே இருப்பா. வேர்வையத் துடைப்பா. கடைசில கேமராவைப் பார்த்து ஒரு மொறை மொறைப்பா. இன்னைக்குப் படம் எடுக்குத பொம்பளப் பிள்ளைய அம்புட்டுப் பேருக்கும் அந்த ஷாட்டுதான் பாடம். எப்படிம்மா அவ்வளவு நேரம் கட் சொல்லாம இருந்தீங்க?"

கீழே உட்கார்ந்திருந்த தேவஇரக்கத்தின் முதுகு நிமிர்ந்தது.

அது அவர் சரக்கு. கலப்படமில்லாமல் அவருடையது. அன்றைக்கு அன்னத்தாய் தலைப்பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில் கிடந்தாள்.

"அதை எங்க வீட்டுக்காரவகிட்ட கேளு. அவியளுக்குத்தான் தெரியும்" என்றாள் அன்னத்தாய், முகத்தில் ஒரு சுருக்கமும் மாறாமல்.

மைக் கைமாறிக் கைமாறிக் கீழே வந்தது. மண்டபம் அவரையே பார்த்தது. கிடைத்தற்கரிய ஒரே ஷாட்.

அவர் தொண்டையைச் செருமினார்.

"அதுவும் அவ எடுத்ததுதான். பிரசவ வலியிலயும் ஆஸ்பத்திரில இருந்து ஆள் விட்டுச் சொன்னா, கட் சொல்லிராதீகன்னு."

கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. ஜெமி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பெரிய மனசு என்று அவருக்கும் ஒரு சால்வை போர்த்தினார்கள்.

வேறென்ன சொல்வார்? ஷூட்டிங் அன்றைக்கு மத்தியானம் கறிச்சோறு. 'ஆக்‌ஷன்' என்றதோடு சரி. நாற்காலியில் இருப்பவரைத் தவிர கட் சொல்ல யாருக்கும் அதிகாரமில்லை. பிலிம் தீர்ந்து கேமரா தானாக நின்றதும், ஹீரோயின் வந்துதான் அவரைத் தட்டி எழுப்பினாள்.