திரை நிறைந்த போட்டோ

ஒரு கைபேசித் திரைக்குப் பின்னணிப் படமாகக் கல்யாண குரூப் போட்டோ வந்தது. திரை நெட்டை, போட்டோ அகலம். அதனால் மேலும் கீழும் கறுப்பாகக் காலியிடம் விழுந்தது.

"எனக்குக் காலியிடமே இருக்கக் கூடாது" என்று திரை போட்டோவை மேலும் கீழும் இழுத்தது. மாப்பிள்ளை முகம் புடலங்காயாக நீண்டது.

"எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இழுத்துக்கோப்பா. ஆனா ஓரத்துல நிக்கறவங்க வெளிய போயிடுவாங்க" என்றது போட்டோ.

"ஓரத்துல நிக்கறவங்களை யாரு பார்க்கப் போறாங்க?" என்று திரை எல்லாப் பக்கமும் இழுத்தது. பொண்ணும் மாப்பிள்ளையும் திரை முழுக்க நிறைந்தார்கள்.

கைபேசிக்குச் சொந்தக்காரி பரிமளம் எடுத்துப் பார்த்தாள். விரலால் படத்தை இந்தப் பக்கம் தள்ளினாள், அந்தப் பக்கம் தள்ளினாள்.

"இன்னும் எதைத் தேடுறாங்க?" என்றது திரை.

"இவங்க பந்தியைக் கவனிச்சுட்டுக் கடைசியா ஓடிவந்து ஓரத்துல நின்னாங்க" என்றது போட்டோ. "தன்னைத்தான் தேடுறாங்க."