மாப்பிள்ளை சாப்பிடவில்லை

"நான் போய் ஒளிஞ்சுக்கணுமா? எதுக்குக்கா?"

"மாப்பிள்ளைக்காகத்தான்" என்றாள் மோப்ப நாயைப் பார்த்துக்கொள்ளும் அக்கா.

மாப்பிள்ளை என்பது அந்த நாயின் பெயர். கடல் கடந்து வந்த தொண்டர் குழுவில் அதுவும் ஒரு ஆள். வெள்ளம் வடிந்த தெருக்களில் இதுவரை அது கண்டுபிடித்ததெல்லாம் சடலங்கள்தான்.

"உயிரோட ஒருத்தர்கூட கிடைக்கலைன்னா இதுங்க மனசு விட்டுடும். நேத்துலேருந்து சாப்பாட்டைத் தொடலை, ஒரே முறுக்கு. இப்படியே போனா ஊருக்குத் திருப்பி அனுப்பிடுவாங்க. நீ ஒளிஞ்சு, அவன் கண்டுபிடிச்சா தெளிஞ்சுடுவான்."

"வேற யாராவது போகட்டுமே..."

"மத்தவங்க வாசனையெல்லாம் அவனுக்கு அத்துப்படி. நீதான் யார்கிட்டயும் ஒட்டவே மாட்டேங்குறியே!"

கேட்ட இளம் தொண்டர் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். வீடு வீடாக ஒலிபெருக்கியில் கூப்பிடுவது அவள் வேலை. அந்த நாட்டு மொழியில் அவளுக்குத் தெரிந்தது ஒரே வாக்கியம்: 'உள்ளே யாராவது இருக்கிறீர்களா?' ஒரு வீட்டிலிருந்தும் பதில் வந்ததில்லை.

சேறு படிந்த ஒரு சமையலறையில், சாய்ந்து கிடந்த அலமாரிக்குப் பின்னால் போய் உட்கார்ந்தாள். தண்ணீர் நின்ற கறை சுவரில் அவள் தலைக்கு மேலே ஓடியது. வெளியே ஒரு சத்தமும் இல்லை. தன்னை மறந்துவிட்டு எல்லோரும் கிளம்பிவிட்டார்களோ என்றுகூடத் தோன்றியது.

பிறகு சேற்றில் சளக் சளக்கென்று கால்கள். இடுக்கில் ஒரு ஈர மூக்கு நுழைந்தது. காது கிழியும் குரைப்பு. மாப்பிள்ளை அவள்மேல் பாய்ந்து முகமெல்லாம் நக்கியது. சிரித்துக்கொண்டே அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். சிரிப்பு எப்போது அழுகையானது என்று தெரியவில்லை. அவள் அழுது ஓயும்வரை நாய் நகரவே இல்லை.

"கண்டுபிடிச்சுட்டான்கா!"

"பின்னே, மாப்பிள்ளைன்னா சும்மாவா? வா, அவனுக்குத் தனியா இறங்காது. நீயும் பக்கத்துல உக்காந்து சாப்பிடு."

கூடாரத்தில் இரண்டு தட்டுகளும் காலியாயின. அவள் எழுந்து கை கழுவப் போனதும், பரிமாறிய சமையல்காரர் அக்காவிடம் குனிந்தார்.

"ஏம்மா, காலையிலேயே ரெண்டு தட்டு வெளுத்துக் கட்டின நாயைப் போய் பட்டினின்னு சொல்லிட்டியே!"

"மெதுவாண்ணே, காதுல விழுந்துடப் போகுது. சாப்பாட்டைத் தொடாததும் அவதான், டாக்டர் திருப்பி அனுப்பச் சொன்னதும் அவளைத்தான்."