முகம் காட்டாத வகுப்பு

தொண்டையில் கையை வைத்துக்கொண்டு அந்த வாக்கியத்தை மறுபடியும் சொன்னாள்.

வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அம்மா உள்ளங்கையைக் கீழே அமுக்கிக் காட்டினாள். சத்தம் அதிகம்.

அவள் கொஞ்சம் குறைத்துச் சொன்னாள்.

அம்மா தலையாட்டினாள். பிறகு, உதடு நன்றாகத் தெரியும்படி அவள் பக்கம் திரும்பினாள்.

"வேண்டாம்டி. சிரிப்பாளுங்க."

சிரிப்பார்கள்தான். பிறந்ததிலிருந்தே அவளுக்குக் காது கேட்காது. காதில் மாட்டியிருக்கும் கருவி இரைச்சலைத் தரும், வார்த்தையைத் தராது. தன் சத்தத்தின் அளவைத் தொண்டை அதிர்வதைத் தொட்டுத்தான் அறிவாள். உதட்டைப் பார்த்துப் பார்த்தே பத்தாம் வகுப்பில் பள்ளியிலேயே மூன்றாவதாக வந்தாள். முதல் பெஞ்சு, நடு இடம். அந்த இடத்துக்காக யாரோடு வேண்டுமானாலும் மல்லுக்கு நிற்பாள்.

இப்போது பள்ளி மூடிக்கிடக்கிறது. பெஞ்சு இல்லை. செல்போன்தான்.

பன்னிரண்டாம் வகுப்புக்கு வேதியியல் எடுப்பவர் அருள்தாஸ் சார். முதல் நாளே வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் எழுதிவிட்டார். மாணவிகள் எல்லோரும் வீடியோ போட வேண்டும். யார் தூங்குகிறார்கள் என்று அவர் பார்க்க வேண்டுமாம்.

அவர் மட்டும் போட மாட்டார். அவருடைய கட்டத்தில் ஒரு ரோஜாப்பூ படம்.

பதினொரு நாளாக ரோஜாப்பூதான் பாடம் நடத்துகிறது.

அவருக்குத் தனியாக இரண்டு முறை எழுதினாள். முகம் தெரிந்தால்தான் எனக்குப் பாடம் புரியும், சார். இரண்டு முறையும் பதிலுக்கு ஒரு கட்டைவிரலை அனுப்பினார்.

திங்கட்கிழமை தேர்வு. புத்தகத்தைப் புரட்டிப் புரட்டி உருப்போட்டாள். ஒரு வினை ஏன் அப்படி நடக்கிறது என்பது மட்டும் எந்தப் பக்கத்திலும் இல்லை.

பத்து மணி. அரிசி டப்பாவில் போனைச் சாய்த்து வைத்தாள். துப்பட்டாவை மடித்துக் குத்தினாள். வகுப்பில் சேர்ந்தாள்.

ரோஜாப்பூவைச் சுற்றிப் பச்சைக் கோடு. யார் குரல் கேட்கிறதோ அவர் கட்டத்தில் அது வரும். சார் பேசுகிறார். என்ன பேசுகிறார் என்பது மற்ற முப்பத்தெட்டுப் பேருக்கு.

மைக்கைத் திறந்தாள்.

ஆறாம் வகுப்பில் ஒரு முறை எழுந்து நின்று செய்யுள் ஒப்பித்தாள். அன்றோடு சரி. அதற்குப் பிறகு வகுப்பில் வாயே திறந்ததில்லை.

"சார், உங்க முகத்தைக் காட்டுங்க."

ரோஜாப்பூவின் கோடு அணைந்தது.

பெனாசிர் கட்டத்தில் கோடு வந்தது. ரோஸ்லின் கட்டத்தில் வந்தது. அடுத்தடுத்து இன்னும் நான்கு. தோள்கள் குலுங்கின. ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள்.

அவளுக்கு அவமானமாக இருந்தது. கண்ணீர் வந்தது. வரட்டும் என்று விட்டுவிட்டாள். மைக்கை மூடவில்லை.

"முகத்தைக் காட்டுங்க சார்!"

இந்த முறை தொண்டையில் கை வைக்கவில்லை. சத்தம் அதிகமாகத்தான் இருந்திருக்கும். அம்மா அடுப்படியிலிருந்து ஓடிவந்து நின்றாள்.

ரோஜாப்பூ பச்சையானது. அணைந்தது. மறுபடியும் பச்சையானது. ஏதோ சொல்லிப் பார்க்கிறார்.

சொல்லட்டும்.

அரை நிமிடம் போயிற்று.

பூ மறைந்தது. கட்டம் கறுப்பானது. பிறகு, ஓடிக்கொண்டிருக்கும் ஒரு மின்விசிறி. அதற்குக் கீழே நெற்றி. மூக்குக்கண்ணாடியில் பாதி.

அவ்வளவுதான்.

சிரித்த கட்டங்கள் அடங்கிவிட்டன. அம்மா போனைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். அவள் பக்கம் திரும்பினாள்.

"தேங்க்ஸ் சொல்லிட்டு மூடுடி."

அவள் மூடவில்லை. அடுத்துச் சொல்ல வேண்டியதை அவள் பழகி வைத்திருக்கவும் இல்லை.

"வாய் தெரியல சார். போனை இன்னும் கீழே இறக்குங்க."