காலாவதியான கோட்டு

"எரிஞ்சு ஓட்டையா இருந்தாலும் பரவாயில்லம்மா. ஒரு கோட்டு எனக்கு வேணும்."

தீயணைப்பு நிலையத்தின் ஸ்டோர் ரூம் ஜன்னலுக்கு வெளியே ஒரு முதியவர் நின்றிருந்தார். உள்ளே, அண்மையில்தான் மாற்றலாகி வந்திருந்த ஸ்டோர் பொறுப்பாளர் தரையில் உட்கார்ந்து, பெரிய கத்தரிக்கோலால் பழைய கோட்டுகளை வெட்டிக்கொண்டிருந்தாள். வெட்ட வேண்டியவை இன்னும் மலைபோல் கிடந்தன.

"கொடுக்க முடியாதுங்க ஐயா. பத்து வருஷம் முடிஞ்ச கோட்டை வெளியே விடக் கூடாது. முதுகுல குறுக்கே வெட்டிடணும்."

"நல்லாத்தானே இருக்கு?"

"பார்க்க நல்லாத்தான் இருக்கும். உள்துணி செத்திருக்கும். இதை நம்பி நெருப்புக்குள்ள போனா கோட்டு மிஞ்சும், ஆள் மிஞ்ச மாட்டான்."

"நான் எந்த நெருப்புக்குள்ள போகப்போறேன்? அடுப்பைப் பத்தவச்சே பல நாளாச்சு. ஒண்டி ஆளுக்கு என்ன சமையல், பன்னும் டீயும்தான்."

அவள் சிரித்துக்கொண்டே அடுத்த கோட்டை இழுத்தாள்.

"ஐயோ, அதை வெட்டிடாதே!" முதியவர் ஜன்னல் கம்பியை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டார். "அதுதான்மா. எம் பையன் போட்டிருந்தது."

கத்தரிக்கோல் நின்றது.

"எப்படிய்யா சொல்றீங்க? பேர்கூட அழிஞ்சு போயிருக்கே."

"இடது கைப்பட்டையைப் பாரு. மஞ்சள் நூல்ல தையல் இருக்கும். அவங்க அம்மா தைச்சது."

புரட்டிப் பார்த்தாள். இருந்தது. ஒரு முனையில் நூல் உருகி, சின்ன மணிபோல் திரண்டிருந்தது. சாதாரண நூலால் இதைத் தைக்கவே கூடாது என்று சொல்ல வாயெடுத்தவள் விழுங்கிக்கொண்டாள்.

"அம்மா இருக்காங்களா?"

"போயிட்டா. அன்னைக்கு இவன் ஏதோ கிடங்குல நெருப்பை அணைச்சுக்கிட்டிருந்தான். எடுக்கற நேரத்துக்கு வரல. எல்லாம் முடிஞ்சப்புறம் கரியும் புகை நாத்தமுமா, இந்தக் கோட்டோட வாசல்ல வந்து நின்னான். எனக்கிருந்த ஆத்திரத்துல, 'இனிமே எதுக்கு வந்தே, போடா'ன்னுட்டேன்."

ஜன்னல் கம்பியின் துருவை நகத்தால் சுரண்டினார்.

"போனான். போனவன் போனவன்தான்."

தீயணைப்பு நிலையத்தில் அதற்கு மேல் கேட்க ஒன்றுமில்லை. அவள் மெதுவாக, "பேரப்பிள்ளைங்க இருக்காங்களா?" என்றாள்.

"ரெண்டு இருக்குன்னு சொல்றாங்க."

மருமகள் பிள்ளைகளோடு ஒதுங்கிவிட்டாள் போலிருக்கிறது.

"அப்போ வீட்டுல பேச்சுத்துணைக்கு?"

"டிவி பேசும், நான் ஊம் கொட்டுவேன். கரண்ட் போனா அதுவும் இல்ல. அதான் எதிர்ல பஸ் ஸ்டாப்புல வந்து உட்கார்ந்துக்கறது. உங்க வண்டி மணியடிச்சுக்கிட்டுப் போறதும் வர்றதும் பார்த்தா பொழுது போயிடும். இன்னைக்குக் கோட்டையெல்லாம் வாரிக்கிட்டு வந்து போட்டீங்களா, மனசு கேட்கல."

அவள் எழுந்தாள். "இருங்க ஐயா. மேல ஆபீசர்கிட்ட கேட்டுட்டு வர்றேன்."

"கேட்கறியா?" அவர் குரல் சட்டென்று இறங்கிவிட்டது. "கோபப்படப்போறாரும்மா."

நிலைய அதிகாரிக்கு 'சட்டப் புத்தகம்' என்று பட்டப்பெயர். கையுறையில் ஒரு தையல் விட்டிருந்தாலும் ஆளை வண்டியிலிருந்து இறக்கிவிடுவார். அவள் மாடி ஏறிப் போனபோது முதுகைக் காட்டி ஜன்னலோரம் நின்றிருந்தார்.

"சார், கீழே ஒரு பெரியவர்..."

"பார்த்தேன்."

"அவரோட பையன் போட்டிருந்த கோட்டாம். ஞாபகத்துக்குக் கேட்கறார். பாவம் சார், தனிக்கட்டை. இந்த ஒண்ணை மட்டும் வெட்டாம..."

"விதி ஒண்ணுதான். எவன் கோட்டா இருந்தாலும் வெட்டணும்."

"பெத்த மனசு சார்."

அதிகாரி ஜன்னலை விட்டுத் திரும்பவில்லை. அவள் திரும்பிப் படியில் கால் வைத்தபோதுதான் குரல் வந்தது.

"வெட்டினப்புறம் அது வெறும் குப்பை. குப்பைக்கு விதி கிடையாது." பிறகு, "வெயில்ல நிக்க வைக்காதீங்க" என்றார்.

கீழே வந்து கோட்டை முதுகின் குறுக்கே வெட்டினாள். இடது கைப்பட்டையைத் தனியாகக் கத்தரித்து, ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு ஜன்னல் வழியே நீட்டினாள்.

"உறையைப் பிரிக்காதீங்க ஐயா. இந்தக் கரி விஷம்."

அவர் அதை இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டார். உறைக்கு மேலாகவே மஞ்சள் தையலைக் கட்டைவிரலால் வருடினார். அவர் கண்கள் கலங்கியதைப் பார்த்ததும் அவள் கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள்.

"மனசைத் தேத்திக்குங்க ஐயா. உங்க பையனைப் பார்க்க எனக்குக் கொடுத்துவைக்கல. ஆனா ரொம்ப நல்லவரா இருந்திருப்பார்."

முதியவர் புரியாமல் அவளை ஏறிட்டுப் பார்த்தார்.

"என்னம்மா சொல்றே? இப்பத்தானே மாடிக்குப் போய் அவன்கிட்ட பேசிட்டு வந்தே! கிட்டத்துல பார்த்தியே... இளைச்சிருக்கானா?"