களத்தில் ஒருவர்

பால்மா டின்னில் ஊசியால் துளை போட்டு, உள்ளே படத்தாளை வளைத்து ஒட்டி, அம்ஹா ஒரு கமெரா செய்திருந்தாள்.

"களம் முழுக்க ஒரே படத்தில விழும் வாப்பா."

"அப்ப எங்கட மில் களத்தை எடு மகள்," என்றார் கச்சிமுகம்மது. "மருமகன் மட்டும்தானாம் ஓடியாடி நெல்லைக் கிண்டுறார். கூலிக்கு வாற அஞ்சு பொம்புளையளும் சும்மா இருக்கிறாங்களாம். அதையும் பாப்பம்."

மறுநாள் காலை அம்ஹா யாருக்கும் சொல்லாமல் டின்னை மில் மதிலில் வைத்துப் படமெடுத்தாள். மாலையில் படத்தைக் கழுவி வாப்பாவிடம் கொண்டுவந்தாள்.

காயும் நெல்லோடு களம் முழுவதும் படத்தில் விழுந்திருந்தது. ஆட்களில் அவள் கணவன் முஸ்தாக் மட்டும், நெல் கிண்டும் பலகையைப் பிடித்தபடி நடுவில் நின்றான்.

"பாத்தியா? உன்ட மாப்பிள்ளை மட்டும்தான் வேலையில நிக்கிறார். மற்ற ஆக்கள் களத்திலேயே இல்ல. நாளைக்கு அஞ்சு பேரையும் வேலையால நிப்பாட்டுறன்."

அம்ஹா டின்னை எடுத்து ஊசித் துளையைக் காட்டினாள்.

"வாப்பா, இந்தக் கமெராவில துளையை அஞ்சு நிமிசம் திறந்து வைக்க வேணும். அசைஞ்சு திரியிற ஆக்கள் படத்தில விழ மாட்டாங்க."

"அப்ப அந்தப் பொம்புளையள்?"

"அஞ்சு பேரும் களத்திலதான் ஓடியாடி நெல்லைக் கிண்டினாங்க. நான் பாத்தன். ஒருத்தரும் கை ஓயல்ல."

கச்சிமுகம்மது படத்தை வெளிச்சத்தில் பிடித்து மறுபடி பார்த்தார். மருமகனின் சட்டைப் பொத்தான்களை எண்ணக்கூடியதாக இருந்தது.