அளவு ஜாக்கெட்

"இது யாரோட ஜாக்கெட்டு? இப்பவே சொல்லுங்க!" என்று மேகலா போட்ட சத்தத்தில் தையல்கடை மெஷின் இரண்டும் நின்றுவிட்டன. நாலு நாளில் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டில் தைக்கக் கொடுத்த ஏழு ஜாக்கெட்டில் ஒன்றுகூட அவளுக்குக் கை ஏறவில்லை.

"சார் குடுத்த அளவு ஜாக்கெட்டுக்கு நூல் பிசகலம்மா," என்றார் டெய்லர் காசிம்.

சார் என்றால் அவளோடு கடைக்கு வந்திருந்த மாப்பிள்ளை இளம்பரிதி. கல்லூரியில் தமிழ் நடத்துகிறவர், மனைவியை இழந்தவர். ஆட்டுக்கல்லைக் கண்டாலும் தொல்படிமம் என்பார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "சுகந்தியோடது. வெறும் துணியில்ல மேகலா, மனைவிங்கறதுக்கே அது தொல்படிமம்," என்றார்.

"அப்படின்னா என்ன சார்?" காசிமுக்குப் புரியாததை விட்டுவைக்கிற பழக்கமில்லை.

"மூல வடிவம். பின்னால வர்றதெல்லாம் அதோட சாயல்."

"அட, அளவு ஜாக்கெட்டுதானே!"

காஜா எடுக்கும் பெண் மட்டும் சிரித்தாள். மேகலா அந்த வெளுத்த பச்சை ஜாக்கெட்டை உள்பக்கம் புரட்டினாள். பக்கத் தையலைப் பிரித்துப் பிரித்து விட்ட தடம் மூன்று வரிசை. இனிப் பிரிக்கத் துணி இல்லை.

"இது அவங்களுக்கே பத்தலையே சார்," என்றாள். "அப்ப இது யார் அளவு?"

கண்ணாடி மறுபடியும் துடைக்கப்பட்டது.

மேகலா அடுத்த ஆவணியில் கரூரில் ஒரு லாரி ஆபீஸ்காரரைக் கட்டிக்கொண்டாள். இளம்பரிதி மாற்றல் வாங்கிப் போய்விட்டார். போகிற அன்று ஏழு ஜாக்கெட்டையும் கடையிலேயே விட்டுவிட்டு, பச்சையை மட்டும் மறக்காமல் கேட்டு வாங்கிப் போனாராம்.