நடுத்தூண்

“மேடம், இந்த பிளான் நீங்க போட்டதுதானே? உங்க வாயால ஒரு தடவை சொல்லிட்டா தேவலை.”

மழைக்கோட்டை வாசலில் கழற்றி மாட்டிவிட்டு வந்து உட்கார்ந்த மனிதர் கேட்டார். பெயர் சம்பத் என்றார். கவர்மென்ட்டிலிருந்து வருகிறோம் என்றார். கூட வந்தவர், சுருட்டி வைத்திருந்த பிளானை டீப்பாயின் மேல் விரித்து, அது மறுபடி சுருண்டுகொள்ளாமல் மூலைக்கொன்றாகக் காபி டம்ளர்களை வைத்தார்.

திரிபுரசுந்தரி குனிந்து பார்த்தாள். பெருங்களத்தூர் ஏரிக்கரை வெள்ள நிவாரணக் கூடம். எண்பத்தைந்தாம் வருஷ வெள்ளத்தில் குடிசை இழந்தவர்களுக்காக ஒரு டிரஸ்ட் கட்டியது. ஏரி நிரம்பினால் ஜனங்கள் ஏறி நிற்க ஆளுயர மேடை, அதற்கும் மேல் தண்ணீர் வந்தால் மொட்டை மாடிக்குப் போக அகலமான படிக்கட்டு. ஞாயிற்றுக்கிழமைகளில், சோறு தண்ணீர் மறந்து அவள் வரைந்தது.

பிளானின் கீழ்மூலைக் கட்டத்தில் இருந்த பெயரோ கஸ்தூரிரங்கன். கல்வெட்டிலும் அதே பெயர்தான்.

கட்டடக் கலை வகுப்பில் முப்பத்திரண்டு ஆண்களுக்கு நடுவே ஒற்றைப் பெண்ணாக உட்கார்ந்து படித்துப் பட்டம் வாங்கியவள் அவள். வாங்கி என்ன கண்டாள்? கஸ்தூரிரங்கன் ஆபீசில் இருபத்திரண்டு வருஷம் குனிந்து வரைந்ததுதான் மிச்சம். “பொம்மனாட்டி பேரைப் போட்டா கட்டடம் நிக்குமான்னு பார்ட்டி பயப்படுவா, சுந்தரி” என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு, அவர் பாட்டுக்குக் கையெழுத்துப் போட்டுக்கொள்வார்.

அப்பேர்ப்பட்டவர் இன்று காலை ஆறு மணிக்கே போன் செய்தார்.

“மனசே சரியில்லை சுந்தரி. உன் உழைப்பை இத்தனை நாள் மறைச்சுட்டேன். கவர்மென்ட்லேர்ந்து ரெண்டு பேர் வருவா. ஏரிக்கரை ஹால் பூரா உன்னோடதுதான்னு எழுதியே கொடுத்துட்டேன். நீயும் உள்ளதைச் சொல்லிடு.”

ஏழைகளுக்குக் கட்டிய நல்ல கட்டடங்களுக்கு விருது தரப்போகிறார்கள் என்று போன மாதம் பேப்பரில் அவள் பார்த்திருந்தாள். போனை வைத்துவிட்டுச் சமையலறையில் நின்று ஒரு பாட்டம் அழுதாள். பிறகு நல்ல புடவையாக எடுத்துக் கட்டிக்கொண்டாள். அவள் வீடு இருந்த சேலையூர் முழுக்க நேற்றுச் சாயங்காலத்திலிருந்து கரண்ட் இல்லை. மழையில் பேப்பரும் வரவில்லை. அது எதுவும் அவளுக்கு இன்று பெரிதாகப் படவில்லை.

“நான் போட்டதுதான் சார். ஒவ்வொரு கோடும்” என்றாள்.

“கஸ்தூரிரங்கன் சார் ஒண்ணும் பண்ணலையா?”

“கையெழுத்துப் போட்டார்.”

கூட வந்தவர் விறுவிறுவென்று எழுதிக்கொண்டார். அந்தப் பேனாச் சத்தம் அவளுக்கு இன்னும் தெம்பு கொடுத்தது.

“சந்தேகம்னா அந்த மேடைக்கு மண்ணு சுமந்த செல்லியம்மாளைக் கேளுங்க. அங்கேயேதான் இருக்கா. திறப்பு விழா அன்னிக்குக் கல்வெட்டைத் தடவிப் பாத்துட்டு, ‘இன்னாம்மா, ராவும் பகலுமா கஸ்டப்பட்டது நீ, உம் பேரு இதுல இல்லியாமே’ன்னு சண்டைக்கு வந்தா. கேட்டது அவ ஒருத்திதான்.”

“செல்லியம்மாளா?” சம்பத் ஒரு கணம் அவளையே பார்த்தார். பிறகு குனிந்து பிளானின் நடுவில் விரலை வைத்தார். “இந்தச் சிவப்புப் பென்சில்?”

கூடத்தின் நடுத்தூண் மேல் பெரிய பெருக்கல் குறி.

அவள் மறந்திருக்கவில்லை. மழையில்லாத மாதங்களில் ஹாலைக் கல்யாணங்களுக்கு விட டிரஸ்ட்காரர்கள் ஆசைப்பட்டார்கள். நடுவில் தூண் நின்றால் மணவறை மறைக்கும், முகூர்த்தம் பார்க்க வந்தவர்கள் தூணையா பார்ப்பார்கள் என்றார்கள். கஸ்தூரிரங்கன் இரண்டே இழுப்பில் தூணை அடித்துவிட்டார். அவ்வளவு அகலக் கூரையை எது தாங்கும் என்று இரண்டு நாள் சண்டை போட்டாள். அப்புறம் வாயை மூடிக்கொண்டாள். அது அவளுக்கு நன்றாகப் பழகிய வேலை.

“அது வந்து…” என்று ஆரம்பித்தாள்.

“அப்ப முழுசா நீங்க போட்டது இல்லையா மேடம்?”

பேனா நின்றது.

திரிபுரசுந்தரி அந்தப் பேனாவைப் பார்த்தாள். இதில் பாதி அவருடையது என்று வாய் தவறினால் போதும், விருது மேடையில் அந்த மனுஷர் முதல் நாற்காலியில் வந்து உட்கார்ந்துவிடுவார். ஹால் திறந்து எட்டு வருஷம் கழித்து வாசல் தேடி வந்த பெயர், ஒரு தூணுக்காகத் திரும்பிப் போக வேண்டுமா?

“அதுவும் நான்தான்” என்றாள். “மணவறை மறைக்கும்னு நான்தான் எடுத்தேன்.”

“அப்படியா? சரி, அந்த இடத்துலயே ஒரு கையெழுத்து.”

பெயரை முழுசாக எழுதினாள். பக்கத்தில் பட்டத்தையும் எழுதினாள்.

“விழா எப்போ சார்? கல்வெட்டையும் மாத்திடுவீங்களா?”

சம்பத் டம்ளர்களை எடுத்து வைத்தார். பிளானைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு எழுந்தார்.

“நான் இன்ஸ்பெக்டர்மா. ராத்திரி ரெண்டு மணிக்கு ஏரி ஒடச்சிக்கிச்சு. மேடைக்கு மேல தண்ணி வந்ததும் சனம் பூரா மொட்டை மாடிக்கு ஏறியிருக்காங்க. பாரம் தாங்காம கூரை நடுவுல அப்படியே உள்ள இறங்கிடுச்சு. பதினோரு பேர்” என்றார். “முதல்ல வெளிய எடுத்த பொணம் நீங்க சொன்ன செல்லியம்மாள்தான். கிளம்புங்க.”